ஆறு மீட்டர் நாற்பது

அத்தியாயம் ஒன்பது

மணி ஒன்று பத்து. நான்கு மணிக்குள் தண்ணீர் கூரையைத் தொட்டுவிடும் என்று தீயணைப்பு அதிகாரி சொல்லியிருந்தார். சொன்னவர் ஸ்கேலின் முகத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துத்தான் சொன்னார்.

அந்தத் தரைக்குக் கீழேதான் அவளுடைய புருஷன் இருந்தான்.

ஸ்கேல் என்பது ஆபீசில் வைத்த பெயர். கம்ப்யூட்டரில் கட்டட வரைபடம் போடுவது அவள் வேலை. அரை மில்லிமீட்டர் பிசகினால் அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்காது. கல்யாணத்துக்குப் பிறகு பம்ப் மெக்கானிக் புருஷனும் அந்தப் பெயரையே பிடித்துக்கொண்டான். "ஸ்கேலு, என் ஸ்பானர் எங்கடி?" என்று காலையில்கூடக் கேட்டான். "அலமாரி மேல" என்று திரும்பிப் பார்க்காமலே பதில் சொன்னாள். திரும்பிப் பார்த்திருக்கலாம். இப்போது அது நெஞ்சைப் போட்டு அறுத்தது.

ஊருக்கு வெளியே ஒரு குளிர்பதனக் கிடங்கு. அதன் தரைக்கடியில் ஒரு பம்ப் அறை. வாசலிலிருந்து ஒரு சுரங்கப் பாதை நேராக உள்ளே வந்து, ஏழாம் தூணுக்கு அடியில் ஒரு பக்கமாகத் திரும்பி, அந்த அறைக்குப் போகும். நின்றுபோன பம்ப்பைப் பார்க்க அவன் தனியாக உள்ளே போனான். பின்னாலேயே பாதையின் கூரை சரிந்து வழியை அடைத்துக்கொண்டது. ஊற்றுத் தண்ணீரை வெளியே தள்ள வேண்டிய பம்ப் ஓடாததால் அறைக்குள் தண்ணீர் ஏற ஆரம்பித்தது. ஆள் உயிரோடு இருக்கிறான். ஸ்பானரால் குழாயில் தட்டுகிறான், மூன்று மூன்றாக. ஆனால் அந்தக் குழாய் கிடங்கு முழுக்க ஓடுகிறது. சத்தம் எல்லா மூலையிலிருந்தும் வந்தது.

மிச்சமிருந்தது ஒரே வழி. முன்பு பம்ப்பை இறக்குவதற்காக அந்த அறையின் கூரையில் ஒரு வாய் விட்டிருந்தார்கள். பிறகு அதை மெல்லிசான பலகை வைத்து மூடி, மேலே தரை போட்டு மெழுகிவிட்டார்கள். அந்த வாயைக் கண்டுபிடித்து உடைத்தால் ஆளைத் தூக்கிவிடலாம். அது எங்கே இருக்கிறது என்று வரைபடம்தான் சொல்ல வேண்டும். வரைபடம் சொன்னது: ஏழாம் தூணிலிருந்து வலது பக்கம், ஆறு மீட்டர் நாற்பது.

அங்கே துளை போட்டார்கள். கான்கிரீட்டுக்குக் கீழே வெறும் மண் வந்தது.

"மெஷினோட அதிர்வை இந்தத் தரை தாங்காது. இன்னும் ஒரே ஒரு துளைதான் போட முடியும். அதுக்கும் ஒரு மணி நேரம் வேணும்" என்றார் அதிகாரி. "இந்தப் படம் யார் போட்டது?"

"நான்தான் சார்."

அங்கே நின்ற அத்தனை பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

*

அவளுடைய ஆபீஸ் இரண்டாவது மாடி. மூன்றாவது மாடியில் ஒரு துப்பறியும் நிறுவனம். இரண்டுக்கும் ஒரே படிக்கட்டு, ஒரே குடிதண்ணீர் கேன். அந்த நிறுவனத்தை நடத்துகிறவரை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். பதினெட்டு வருஷம் பாலிடெக்னிக்கில் பலகையும் பென்சிலும் வைத்து வரைபடம் சொல்லிக்கொடுத்துவிட்டு, பிறகு மனிதர்களின் கோணல்களை ஆராயக் கிளம்பியவர். அவருக்கு உதவியாளன் வத்தி. ஆள் தீக்குச்சி கனம்தான், வாயைத் திறந்தால் பற்றிக்கொள்ளும்.

ஸ்கேல் மூச்சிரைக்க மூன்று மாடி ஏறி அவர்கள் முன்னால் நின்றாள்.

"டீச்சர், யாரோ என் படத்துல கை வெச்சிருக்காங்க. இல்லன்னா நான் தப்பா அளந்து என் புருஷனைக் கொல்லப் போறேன். ரெண்டுல எதுன்னு மூணு மணிக்குள்ள தெரிஞ்சாகணும்."

டீச்சர் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே இறங்கினார். வத்தி பாதி கடித்த பிஸ்கட்டை மேஜையிலேயே விட்டுவிட்டு ஓடி வந்தான். அவன் பிஸ்கட்டை விட்டுவிட்டு வந்தான் என்றால் விஷயம் எவ்வளவு பெரியது என்று புரிந்துகொள்ளுங்கள்.

சாப்பாட்டு நேரம். ஆபீசில் மற்ற மேஜைகளெல்லாம் காலி. கண்ணாடி அறையிலிருந்து முதலாளி எழுந்து வந்தார். கைக்குட்டையைக் கசக்கிக் கசக்கி அது கந்தலாகியிருந்தது.

"ஆளை எடுத்துட்டாங்களாம்மா?"

"இல்ல சார். மண்ணுதான் வந்துச்சு."

"அடக் கடவுளே. அடுத்த துளை எந்தப் பக்கம் போடப்போறாங்க?"

"தூரம்தான் சார் குழப்பம். ஒரு மீட்டர் தள்ளிப் போடலாமான்னு யோசிக்கிறாங்க."

முதலாளி ஏதோ சொல்ல வாயெடுத்தார். டீச்சரையும் வத்தியையும் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு திரும்பப் போய் உட்கார்ந்தார். பாவம், வயசான மனுஷன், அவருக்கும் பதற்றம் இருக்காதா என்று ஸ்கேல் நினைத்துக்கொண்டாள்.

கம்ப்யூட்டரில் அந்த ஃபைலைத் திறந்தாள். திரை கன்னங்கரேல் என்று இருந்தது. ஒரு கோடு இல்லை, ஒரு புள்ளி இல்லை.

"படம் இன்னும் ஆரம்பிக்கலையா அக்கா? விளம்பரம் ஓடுதா?" என்றான் வத்தி.

"சும்மா இருடா" என்றார் டீச்சர். அவர் கண் சுவரில் இருந்தது. மானிட்டருக்குப் பக்கத்தில் ஒரு பழுப்பேறிய தாள் ஒட்டியிருந்தது. மேலே 'படம் தகராறு செய்தால்' என்று தலைப்பு. "இது என்ன?"

"புதுசா வேலைக்கு வர்றவங்களுக்காக நான் எழுதி ஒட்டினது. சும்மா சும்மா என்னைக் கூப்பிடுவாங்க, அதான்."

வத்தி கிட்டே போய்ப் படித்தான். "முதல் குறிப்பு: பதறாதே." திரும்பி அவள் நடுங்கும் விரல்களைப் பார்த்தான். "எழுதினவங்க இதைப் படிக்கலையா?"

அந்த நேரத்திலும் அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் அந்தச் சுருக்கில்தான் கை கொஞ்சம் நின்றது. "அடுத்தது படி" என்றாள்.

"எஸ்கேப்பை ரெண்டு தடவை தட்டு."

தட்டினாள்.

"ஒன்றும் தெரியாவிட்டால் எங்கேயும் போய்விடவில்லை, நீதான் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறாய். இசட் என்டர், ஈ என்டர்."

தட்டினாள். கறுப்புத் திரையின் மூலையில் எள்ளளவு ஒரு புள்ளி வந்தது. முழுக் கிடங்கும் அந்தப் புள்ளிக்குள் இருந்தது. எங்கோ பல கிலோமீட்டர் தள்ளி யாரோ கைதவறிப் போட்ட ஒரு துண்டுக் கோடு கிடந்தால் இப்படித்தான் ஆகும். இரண்டையும் ஒரே திரையில் காட்டப் பார்த்து, கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் சுருக்கிவிடும். அந்த அனாதைக் கோட்டை அழித்துவிட்டு மறுபடி தட்டினாள். கிடங்கு பெரிதாக விரிந்தது. சுவர்கள், வரிசையாகத் தூண்கள். ஆனால் தரைக்கடியில் எதுவுமே இல்லை.

"லேயர் உறைந்திருக்கிறதா பார்" என்று படித்தான் வத்தி. "கிடங்குதான் ஐஸ் கிடங்குன்னா லேயருமா உறையும்?"

"சுவர் ஒரு தாள்ல, குழாய் ஒரு தாள்ல, சுரங்கம் ஒரு தாள்லன்னு ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கி வெப்போம். அதுக்குப் பேர் லேயர். வேண்டாததை உறைய வெச்சா கண்ணுக்குத் தெரியாது." சொல்லிக்கொண்டே அவள் சுரங்கத்தின் லேயரை உருக்கினாள். பாதையும் பம்ப் அறையும் பளிச்சென்று வந்தன. ஏழாம் தூணுக்கு வலது பக்கம், மூடிய வாய். ஆறு மீட்டர் நாற்பது.

கிடங்கிலிருந்து கையோடு கொண்டுவந்த காகிதப் படத்தில் உள்ளதேதான். ஒரு நூல் வித்தியாசம் இல்லை.

"நான் சுரங்கத்தை உறைய வெச்சு சேவ் பண்ணவே மாட்டேன்" என்றாள். "யாரோ வேற ஆளு." கடைசியாகச் சேமித்த தேதியைப் பார்த்தாள். காலை பதினொன்று இருபது என்று இருந்தது. நான்கு வருஷத்துக்கு முந்தைய தேதி. அதைப் பார்த்ததும் அவளுக்குக் குரலே மாறிவிட்டது. "டீச்சர், இது என் கல்யாண நாள்."

"சொந்தக் கல்யாணத்தன்னிக்கு ஆபீஸ் வந்து வேலை செஞ்சீங்களாக்கா?" என்றான் வத்தி. "எங்க சித்தப்பா பையன் ஓடியே போனான். அதுக்கு இது பரவாயில்ல."

"உன் பாஸ்வேர்டு யாருக்கெல்லாம் தெரியும்?" என்றார் டீச்சர்.

ஸ்கேல் கீபோர்டைத் தூக்கிக் காட்டினாள். அடியில் சின்னச் சீட்டில் ஒட்டியிருந்தது. வத்தி தலையில் அடித்துக்கொண்டான்.

"அடுத்த குறிப்பு" என்றார் டீச்சர்.

"எண்ணை நம்பாதே, கோட்டை அள."

இதுதான் ஸ்கேல் நம்பிக்கை வைத்திருந்த இடம். சோம்பேறிகள் ஒரு வேலை செய்வார்கள். அளவு மாறிவிட்டால் கோட்டை நகர்த்தாமல், எண்ணை மட்டும் அழித்து மேலே புது எண்ணை அடித்துவிடுவார்கள். கோடு ஒன்பது மீட்டர் இருக்கும், எண் ஆறு என்று பல்லைக் காட்டும். அந்தத் திருட்டுத்தனம்தான் நடந்திருக்க வேண்டும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டு வந்திருந்தாள். மவுஸைப் பிடித்து, தூணில் ஒரு தட்டு, வாயின் நடுவில் ஒரு தட்டு.

ஆறாயிரத்து நானூறு மில்லிமீட்டர். அதாவது ஆறு மீட்டர் நாற்பது. எண்ணும் கோடும் ஒன்று.

ஸ்கேல் மவுஸை விட்டுவிட்டாள். "அப்போ படத்துல தப்பு இல்ல டீச்சர். டேப்பைப் பிடிச்ச என் கையிலதான் தப்பு. நான்தான் தப்பா அளந்திருக்கேன்." அவள் அழவில்லை. அழக்கூட நேரம் இல்லை என்று அவளுக்கே தெரிந்திருந்தது. அதுதான் பார்க்கக் கொடுமையாக இருந்தது.

போன் அடித்தது. அதிகாரி.

"அம்மா, தட்டுறது ரெண்டு ரெண்டா குறைஞ்சிருக்கு. தண்ணி மார்பு மட்டத்துக்கு வந்திருக்கும்னு கணக்குப் போடுறோம். மெஷினை வலது பக்கமே ஒரு மீட்டர் தள்ளி நிறுத்தியிருக்கோம். உங்க கிட்டருந்து வேற சேதி வரலைன்னா மூணு மணிக்கு ஆரம்பிச்சிடுவோம்."

மணி இரண்டு ஐந்து.

*

"கடைசிக்கு முந்தினது இருக்கு" என்றான் வத்தி. குரலில் இருந்த கிண்டல் குறைந்திருந்தது. "பழைய பிரதியைத் தேடு."

ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் மென்பொருள் முந்தைய படத்தைப் பக்கத்திலேயே ஒரு பிரதியாக வைத்துவிடும். அதை பேக் ஃபைல் என்பார்கள். ஸ்கேல் ஃபோல்டரைத் திறந்தாள். நாற்பத்திரண்டு படங்கள். ஒவ்வொன்றுக்கும் அருகில் அதன் பேக் ஃபைல், ஜோடி ஜோடியாக. இந்தக் கிடங்கின் படத்துக்கு மட்டும் ஜோடி இல்லை.

"குப்பைத்தொட்டியில பாரு."

பார்த்தாள். துடைத்து வைத்தது போல் காலியாக இருந்தது. "நேத்து வரைக்கும் ஆறு மாசத்துக் குப்பை இதுல இருந்துச்சு. நான் இதைக் காலி பண்ணவே மாட்டேன்."

வத்தி ஆபீசைச் சுற்றிப் பார்த்தான். மேஜைக்கு மேஜை காய்ந்த டீ கப், கசங்கிய காகிதம். "குடிச்ச கப்பைக்கூட எடுத்துப் போடாத ஆபீஸ் இது. கம்ப்யூட்டர் குப்பைத்தொட்டிய மட்டும் யாரோ கழுவிக் கவுத்திருக்காங்க."

"அப்போ அந்தப் பழைய பிரதியில வேற மாதிரி ஏதோ இருந்திருக்கு" என்றார் டீச்சர். "உன் கையில தப்பில்லம்மா. தப்பு உன் கையில இருந்தா அதை யாரும் மறைக்க வேண்டியதில்ல. வத்தி, கடைசிக் குறிப்பு என்ன?"

"அழிக்கவா என்று கேட்டால், கேள்வியைப் படித்துவிட்டுப் பதில் சொல்."

டீச்சர் எழுந்து போய்த் தாளுக்கு மூக்கை வைத்துப் பார்த்தார். பதினெட்டு வருஷம் பிள்ளைகளின் எழுத்தைத் திருத்திய கண்கள். "இந்த வரி உன் கையெழுத்து இல்ல. உன் 'ழ' நேரா நிக்குது. இந்த 'ழ' வாலைச் சுருட்டிக்கிட்டுப் படுத்திருக்கு."

"அது முதலாளி சேர்த்தது. நான் கல்யாண லீவு முடிஞ்சு வந்தப்பவே இருந்துச்சு. நல்ல குறிப்புதானேன்னு விட்டுட்டேன்."

"எந்த வேலையில அப்படி அழிக்கவான்னு கேக்கும்?"

"மிரர்ல. ஒரு பக்கத்தைப் போட்டுட்டு, கண்ணாடியில காட்டின மாதிரி மறுபக்கத்தைத் தானா போட வைக்கலாம். முடியும்போது, பழையதை அழிக்கவா, வெச்சுக்கவான்னு கேக்கும். வெச்சுக்கன்னுதான் சொல்லணும். தெரியாம ஒய், அதாவது ஆமான்னு தட்டிட்டா பழையது போயிடும், கண்ணாடியில தெரிஞ்சது மட்டும்..."

அவள் பேச்சு பாதியில் நின்றது.

"கண்ணாடியில காட்டினா எழுத்தும் திரும்பிடுமே?" என்றார் டீச்சர். "ஆம்புலன்ஸ்ல இடவலம் மாத்தி எழுதின மாதிரி இருக்குமே. அதை வெச்சே கண்டுபிடிச்சிருப்பீங்களே?"

"அதுக்கு ஒரு செட்டிங் இருக்கு டீச்சர். படம் மட்டும் திரும்பும். எழுத்தும் எண்ணும் நேராவே நிக்கும்." அவள் குரல் கிசுகிசுப்பாக இறங்கியது. "திருப்பின படம்னு பார்த்தா தெரியவே தெரியாது. தூரமும் மாறாது. ஆறு நாற்பது ஆறு நாற்பதாவேதான் இருக்கும்."

"தூண்கள்?"

"ஏழாம் தூண்தான் நடு. ரெண்டு பக்கமும் தூண் ஒரே மாதிரி. கிடங்கைப் பார்த்தா எதுவும் தெரியாது."

"யாருக்குக் கண்ணாடி தேவைப்பட்டுச்சு?"

அவள் விரல் அதற்குள் அடுத்த ஃபைலைத் திறந்துவிட்டது. அதே வளாகத்தில் இரண்டாவது கிடங்கு ஒன்று உண்டு. முதல் கிடங்குக்கு எதிர்த்தாற்போல், எல்லாம் இடவலம் மாறிக் கட்டியது. இரண்டு படங்களையும் அக்கம்பக்கமாக வைத்தாள். இரண்டிலும் பம்ப் அறை வலது பக்கத்தில் இருந்தது.

வத்தி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். "எதிரெதிரா நிக்க வேண்டிய ரெட்டைப் பிள்ளைங்க. ரெண்டும் ஒரே பக்கம் வகிடு எடுத்திருக்கு."

ஸ்கேல் போனை எடுத்துவிட்டாள். "சார், இடது பக்கமா இருக்கலாம். தூணுக்கு இடது பக்கம், அதே ஆறு நாற்பது..."

"இருக்கலாமா?" அதிகாரியின் குரல் களைத்துப் போயிருந்தது. "அம்மா, ஒரு துளை. ஒண்ணே ஒண்ணு. 'இருக்கலாம்'னு நான் எப்படி மெஷினை வைப்பேன்? ரெண்டாவது கிடங்கோட படமே தப்பா இருந்தா? உங்க கம்பெனில கையெழுத்துப் போடுறவர் உறுதியா சொல்லட்டும், நான் போடுறேன்."

போன் வைக்கப்பட்டது. மணி இரண்டு முப்பத்தைந்து.

*

"உட்காரு" என்றார் டீச்சர். "அந்த அறைக்குள்ள நீ போயிருக்கே இல்ல? அன்னிக்கு என்ன நடந்துச்சு? எண் வேண்டாம். மனுஷங்களைச் சொல்லு."

"ஒரே ஒரு தடவை போனேன். கீழே போனா திசையே தெரியாது டீச்சர். டேப்போட மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்ல. பம்ப் மெக்கானிக் ஒருத்தர் இருந்தார், அவரைப் பிடிக்கச் சொன்னேன்." அவள் தாலியை இறுகப் பிடித்துக்கொண்டாள். "அவர்தான். அன்னிக்குத்தான் முதல்ல பார்த்தேன். டேப்பை ஒழுங்காவே பிடிக்கலை. திட்டினேன். 'எனக்கு இடது கை பழக்கம், இந்தப் பக்கம் நின்னா எப்படிங்க பிடிக்கிறது'ன்னு சிரிச்சார். அப்புறம் அந்த வால்வு..."

"எந்த வால்வு?"

"பம்ப்புக்குத் தண்ணி விடுற வால்வு. அதை வழக்கமா வலது பக்கம் வைப்பாங்க. இவர் தன் கைக்குத் தோதா இடது பக்கம் மாத்தி வெச்சிருந்தார். 'இதைப் படத்துல சரியா போடுங்க, இல்லன்னா நாளைக்கு வேற எவனாவது வந்து வலது பக்கம் தேடிக்கிட்டு நிப்பான்'னு..."

மூன்று பேரும் ஒரே நேரத்தில் திரையைப் பார்த்தார்கள். ஸ்கேல் பம்ப் அறையைப் பெரிதாக்கினாள். கதவருகே நின்று பம்ப்பைப் பார்க்கிறவனுக்கு எந்தக் கைப் பக்கம் என்று விரலை வைத்துக் காட்டினாள். வால்வு வலது பக்கத்தில் இருந்தது.

"நான் இடதுலதான் போட்டேன்" என்றாள் ஸ்கேல். "சத்தியமா இடதுலதான் போட்டேன். அறையில முதல்ல போட்டதே அந்த வால்வைத்தான்."

அதற்கு மேல் டீச்சர் காத்திருக்கவில்லை. நேரே கண்ணாடி அறைக்குப் போய்க் கதவைத் தள்ளினார். முதலாளி நிமிர்ந்து பார்த்தார். ஒரே மணி நேரத்தில் பத்து வயசு கூடினவர் மாதிரி இருந்தார்.

"இவ கல்யாணத்துக்கு நீங்க எத்தனை மணிக்குப் போனீங்க?" என்றார் டீச்சர்.

பதில் ஸ்கேலிடமிருந்து வந்தது. "எல்லாரும் காலையிலயே வந்துட்டாங்க. சார் மட்டும் மத்தியானத்துக்கு மேல வந்தார். சுவர்க்கடிகாரம் வாங்கிட்டு வந்தார். 'அவசர வேலை, மன்னிச்சுக்கம்மா'ன்னு சொன்னார்." சொல்லச் சொல்ல அவளுக்கே எல்லாம் விளங்கிவிட்டது. அந்தக் கடிகாரம் இன்றைக்கும் அவள் வீட்டுச் சமையலறையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

"நீங்க எதைப் பத்திப் பேசறீங்கன்னே எனக்கு..." என்று ஆரம்பித்தார் முதலாளி.

"காலையிலேர்ந்து எல்லாரும் கேக்கிறது ஒண்ணுதான். எவ்வளவு தூரம், எவ்வளவு தூரம்" என்றார் டீச்சர். "தீயணைப்புக்காரர் கேட்டார். இவ கேட்டா. நீங்க ஒருத்தர்தான் 'எந்தப் பக்கம்'னு கேட்டீங்க. பக்கத்துல குழப்பம் இருக்குன்னு இந்த உலகத்துல ஒரே ஒருத்தருக்குத்தான் தெரிஞ்சிருக்கு."

முதலாளியின் கையிலிருந்து கைக்குட்டை விழுந்தது.

"இவ லீவுல இருந்தா. ரெண்டாவது கிடங்கு படத்தை அன்னிக்கே கொடுக்கணும். நானே திருப்பிப் போட்டேன். அழிக்கவான்னு கேட்டுச்சு, படிக்காம தட்டிட்டேன். ரெண்டு கிடங்குக்கும் பிரிண்ட் எடுத்துக் கொடுத்துட்டு, சுரங்கத்தை உறைய வெச்சு அப்படியே சேவும் பண்ணிட்டேன். ரெண்டு நாள் கழிச்சுத்தான் புரிஞ்சுது. மூடின வாய்தானே, இனிமே அதை யார் தோண்டப் போறாங்கன்னு..." அவருக்கு மூச்சு வாங்கியது. "முதல் துளையில மண்ணு வந்துச்சுன்னு போன்ல கேள்விப்பட்டதும் கை கால் ஓடல. லைசென்ஸ் போயிடும், ஆபீஸ் போயிடும். பழைய ஃபைலை அழிச்சேன். அடுத்ததை அவங்களே இடது பக்கம் போட்டுடுவாங்கன்னு நினைச்சேன். தானா நடந்துடும்னு நினைச்சேன்மா."

ஸ்கேலுக்கு அவரைக் கொன்றுபோடலாம் போல இருந்தது. கை ஓங்கவும் செய்தாள். ஓங்கிய கையில் போன் இருந்தது. அதிகாரியின் எண்ணைத் தட்டி, அப்படியே முதலாளியின் காதில் வைத்து அழுத்தினாள்.

"உங்க பேரைச் சொல்லி, உறுதின்னு சொல்லுங்க. 'இருக்கலாம்'னு ஒரு வார்த்தை வந்துச்சுன்னா பாருங்க."

அவர் சொன்னார். குரல் உடைந்தாலும் தெளிவாகச் சொன்னார். இடது பக்கம், ஆறு மீட்டர் நாற்பது, உறுதி. மணி இரண்டு ஐம்பத்தாறு.

*

வத்தி வண்டியை ஓட்டிய வேகத்தில் டீச்சரே கண்ணை மூடிக்கொண்டார். வழியில் அவன் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. கிடங்குக்குள் நுழைந்தபோது மெஷின் தூணின் இடது பக்கம் நின்று தரையைக் கடித்துக்கொண்டிருந்தது. ஸ்கேலைக் கயிற்றுக்கு அப்பால் நிறுத்திவிட்டார்கள்.

"தட்டுறாரா?" என்று ஒரு தீயணைப்பு வீரரைக் கேட்டாள்.

"ஒண்ணு ஒண்ணா தட்டிக்கிட்டிருந்தார். நின்னு பத்து நிமிஷம் ஆகுதும்மா."

அவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். நான்கு வருஷத்தில் அவனை எத்தனை முறை அதட்டியிருப்பாள். துண்டைக் கோணலாகக் காயப்போட்டான் என்று, சாவியை வேறு ஆணியில் மாட்டினான் என்று. எல்லாவற்றையும் இடது பக்கமாகவே வைப்பான். மாற்றி மாற்றி வைத்து அவளுக்கு அலுத்துப்போகும். இனி வீட்டில் எதுவும் எந்தப் பக்கம் இருந்தாலும் அவள் வாயைத் திறக்க மாட்டாள். அவன் வந்தால் போதும். டீச்சர் அவள் தோளைப் பிடித்தபடி நின்றார்.

மூன்று ஐம்பத்தைந்துக்கு மெஷினின் சத்தம் சட்டென்று மாறியது. கடித்துக்கொண்டிருந்த இரும்பு வெற்றிடத்தில் விழுந்தது. யாரோ கத்தினார்கள். மெஷினை இழுத்துவிட்டு நான்கு பேர் கடப்பாரையோடு பாய்ந்தார்கள். பலகை உடைந்து கீழே தண்ணீரில் விழும் ஓசை கேட்டது. அதிகாரி தரையில் குப்புறப் படுத்து, டார்ச்சோடு தலையை உள்ளே விட்டார்.

கயிற்றுக்கு இப்பால் நின்றவர்கள் குதிகாலை உயர்த்தி எட்டிப் பார்த்தார்கள்.

"கை தெரியுது!"

ஸ்கேல் கயிற்றுக்கு அடியில் புகுந்து ஓடினாள். இரண்டு பேர் பிடித்தார்கள். "எந்தக் கை?" என்று கத்தினாள்.

"என்னம்மா கேக்கறீங்க? கை! விரல் அசையுது!"

"எந்தக் கை சார்?"

அதிகாரி மறுபடி குனிந்து பார்த்தார். தோள் வரைக்கும் உள்ளே நீட்டி எதையோ எட்டிப் பிடித்தார். பிறகு முகம் நிமிராமலே, சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியாத குரலில் சொன்னார்.

"இடது கைம்மா. ஸ்பானரை விடவே மாட்டேங்குது."